புல்லட் ரயிலில் புளிச்சோறு

சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஜப்பானிய மண்ணில் இன்று காலை முதல் அவர் மௌனம் காக்கிறார்.

புல்லட் ரயில் டோக்கியோவை விட்டு நகரும் முன்பே இந்த அறிவிப்பு, கோபி வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பயணம் என்பது தன்னைத் தொலைப்பது என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

ஒரே ஒரு கும்பிடு வந்தது. மச்சினன் மயில்சாமி போட்டது.

ஜன்னலோரம் அவர். பக்கத்தில் மனைவி.

ஃபூஜி மலை எந்தப் பக்கம் தெரியும் என்று விசாரித்து வாங்கிய இருக்கை. அந்த மலையைப் பார்க்கும் கணத்தில் தனக்குள் ஏதோ நிகழும் என்று வாலிபத்திலிருந்தே நம்பிக்கொண்டிருந்தார். என்ன நிகழும் என்பதை ஏறக்குறைய எழுதியும் வைத்தாகிவிட்டது.

கோயில் மணியோசையில் நிகழவில்லை. மூங்கில் காட்டில் நிகழவில்லை. தேநீர்ச் சடங்கில் கால் மரத்துப்போனதுதான் நிகழ்ந்தது.

மிச்சம் இருந்தது மலை ஒன்றுதான்.

பெட்டியில் ஓர் இருமல்கூட இல்லை.

பக்கத்தில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

புளிச்சோறு.

அவர் குளிக்கப் போன நேரத்தில் ஓட்டல் அறையிலேயே குட்டிக் குக்கரில் சோறு வைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறியிருக்கிறாள்.

பெருங்காயம் முதலில் புறப்பட்டது. பின்னாலேயே நல்லெண்ணெய்.

மௌனம் அந்த இடத்தில் கலைந்தது.

"ஏய், மூடு அதை. இங்க ரயில்ல ஆரும் திங்க மாட்டாங்க. மானத்த வாங்காத."

"நீங்களும் காலைல ஒண்ணும் திங்கலீங்களே. ஒரு வாய் தாரேன், இருங்க."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலேயே எல்லாரும் பார்ப்பதாக அவருக்குப் பட்டது.

காது மடல் சுட்டது.

எழுந்தார். மனைவியின் முழங்காலைத் தாண்டி வெளியே வந்தார். நடைபாதைக்கு அந்தப் பக்கம், இரண்டு வரிசை பின்னால், காலியாகக் கிடந்த ஓர் இருக்கையில் போய் அமர்ந்தார்.

அங்கே பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர். இவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். மனைவி இருந்த திசையைத் தாடையால் காட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

யாரோ, எனக்குத் தெரியாது என்பதற்கு எந்த நாட்டிலும் அதுதான் சைகை.

டப்பா மூடியில் கணவருக்கு ஒரு கை சோறு எடுத்து வைத்துக்கொண்டு மனைவி திரும்பியிருந்தாள்.

பார்த்துவிட்டாள்.

முன்னால் திரும்பிக்கொண்டாள். மூடி கையிலேயே இருந்தது.

கோட்டுக்காரர் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். நூலைப் பிரித்தார். சோறு, மீன், ஏதோ ஊறுகாய். முன் வரிசையில் ஒரு பெட்டி திறந்தது. பின்னால் ஒன்று. யாரோ பீர் டின்னை உடைத்தார்கள்.

நெடுந்தூர ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஏறுவதுதான் அந்த நாட்டு வழக்கம். ரயிலில் தின்னக் கூடாது என்று அவர் பார்த்து வைத்திருந்த வீடியோ டவுன் ரயிலைப் பற்றியது.

நடைபாதைக்கு அந்தப் பக்கம், மனைவிக்கு நேராக, வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். டப்பாவை எட்டிப் பார்த்தார்.

மனைவி மூடியை நீட்டினாள்.

கணவருக்கென்று எடுத்த அதே சோறு.

அம்மாள் ஒரு வாய் தின்றார். கண்ணில் நீர் முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னொரு வாய்க்கு மூடியை நீட்டினார். பதிலுக்குத் தன் பெட்டியிலிருந்து சிவப்பாக ஒரு காயை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

கடித்த மனைவி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டாள். "அய்யோ, புளியங்காயத் தோக்கடிச்சுருமுங்க!"

அம்மாள் ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். மனைவி சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டுப் பதில் சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை இருவருக்கும். பேச்சு நிற்கவும் இல்லை.

அவர் வயிறு சத்தம் போட்டது. பெட்டியில் அந்த ஒரு சத்தம்தான் ஒழுங்கீனமாக இருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். அவர் முன்னால் வந்து நின்றாள். சீட்டைக் காட்டிக் குனிந்தாள். அந்த இருக்கையைக் காசு கொடுத்து வாங்கியது தன் தப்பு என்பது போல, இன்னொரு முறையும் குனிந்தாள்.

எழுந்து கொடுத்தார்.

தன் வரிசைக்கு நடந்தார். அவருடைய ஜன்னலோரத்தில் மனைவி. மனைவியின் இடத்தில் வெள்ளைத் தொப்பி அம்மாள். அம்மாள் விட்டு வந்த இருக்கையில் அவருடைய பைகள். இருவர் மடிக்கும் நடுவில் டப்பா.

செல்போன் துடித்தது. மயில்சாமி. 'மாமா, மலை தரிசனம் ஆச்சுங்களா?'

அம்மாள் கூவினார். வெளியே கையை நீட்டினார்.

மலை.

மேகம் இல்லை, மறைப்பு இல்லை. படத்தில் இருப்பது போலவே இருந்தது. அதற்கு முன்னால் மனைவியின் பின்னங்கழுத்து இருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே ஏதோ நிகழத்தான் செய்தது. எழுதி வைத்திருந்தது அல்ல.

நடைபாதையில் நிற்கும் ஆளை அம்மாள் அப்போதுதான் கவனித்தார். பாதி எழுந்தார். ஒரு விரலால் அவரைக் காட்டினார். இன்னொரு விரலால் மனைவியைக் காட்டினார். இரண்டு விரலையும் சேர்த்து வைத்து, கேள்வியாகப் பார்த்தார்.

மனைவி திரும்பினாள். அவரை உச்சி முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

உதட்டைப் பிதுக்கினாள்.

"தெரியலீங்கம்மா. நம்மூர்க்காரராட்ட இருக்குது. பாவம்."

அம்மாள் மறுபடி உட்கார்ந்தார்.

முன்பதிவுச் சீட்டு சட்டைப் பையில் இருக்க, கியோட்டோ வரைக்கும் அவர் நின்றுகொண்டே போனார்.