நெருங்கிய வட்டாரங்கள்

இதழியல் பேராசிரியரைக் கல்லூரி தற்காலிக நீக்கம் செய்து மூன்று நாளாகிறது. தன்னைக் கவிழ்த்த அந்தச் செய்தியைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டு, மாணவர் தாளைத் திருத்துவதுபோல் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

“தலைப்பைப் பாரு. ‘மாணவிக்காக விடைத்தாளையே மாற்றி எழுதிய பேராசிரியர்.’ விசாரணையே முடியல, அதுக்குள்ள தீர்ப்பு.”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என் தரப்பு எங்க? கடைசிப் பத்தியில ஒத்தை வரி. எழுதினவன் யாரு? நான் கையைப் பிடிச்சு எழுதக் கத்துக்குடுத்தவன்.”

மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனாள்.

“பொய்யா எழுதியிருக்கான்?” என்றாள் மனைவி.

“அதுவா இப்போ கேள்வி? ஆதாரம் யாருன்னு கேக்கறேன். ‘நெருங்கிய வட்டாரங்கள் இரண்டு உறுதிசெய்தன’வாம். டிபார்ட்மென்ட்ல என்னைப் பிடிக்காத ரெண்டு பேரு, வேற யாரு? ஆனா நான் நம்ம மாடி ரூமைப் பூட்டிக்கிட்டு எழுதினது வரைக்கும் அவனுங்களுக்கு எப்படி...”

பேனா நின்றது. துணி மடித்த கை நிற்கவில்லை.

“நான்தான் சொன்னேன். ஆனா ஒருத்தர் சொன்னா போட மாட்டேன்னுட்டான், உங்க மாணவன். ரெண்டாவது ஆள் உறுதிசெய்யாம ஒரு வரிகூட எழுதக் கூடாதுன்னு நீங்க அடிச்சுச் சொல்லியிருக்கீங்களாம்.”

அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

“அதான், போனை நம்ம பொண்ணுகிட்ட குடுத்தேன். என்னைவிட அவதான் விவரமாச் சொன்னா.”