நாதன் சாரோட இருமல்

"முரீட்-முரீட் செகாலியான்! பல்லு கூட வெளக்காம போன தூக்கிக்கிட்டு படுத்திருக்கிற பழைய மாணவப் பெருமக்களே! ரேமண்டு, மூக்குலேர்ந்து வெரல எடு. க்ஹும்... க்ர்ர்ஹும்!

"மொதல்ல செய்தி. பள்ளிக்கூடம் தொறந்தாச்சு. கேண்டீன் கறி மீ நூடுல்ஸ்ல கோழி இருக்குன்னு சொல்றாங்க, தேடிக்கிட்டே இருக்காங்க.

"அடுத்து இழப்பு. நம்ம ரேமண்டோட முன்மண்ட முடி. எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனம்.

"பிரியாவிடை. காமினி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறா. யாரும் அழ வேணாம், அவளே அழல.

"கடைசியா எதிர்காலத் திட்டம். இந்த குரூப்புல எவனுக்கும் அப்படி ஒண்ணு இல்ல. க்ர்ர்ஹும்! தெரிமா காசே, நன்றி!"

ஷர்வின் இந்த வாய்ஸ் நோட்ட பழைய மாணவர் குரூப்புக்கு அனுப்பி முடிக்கிறதுக்குள்ள சிரிச்ச மூஞ்சியா வந்து கொட்டுச்சு.

நாதன் சார் திங்கக்கிழமை காலையில, மொத்தப் பள்ளிக்கூடத்தையும் வெயில்ல நிக்க வெச்சு, மைக்ல மலாயும் தமிழும் கலந்து இப்படித்தான் வாசிப்பாரு. செய்தி, இழப்பு, பிரியாவிடை, எதிர்காலத் திட்டம். நடுநடுவுல இருமல். படிவம் நாலோட பள்ளிக்கூடத்த விட்டு ஓடுன ஷர்வின் இப்ப மோட்டார் சைக்கிள்ல வீடு வீடா சாப்பாடு டெலிவரி பண்றான். ஆனா சார் குரல மட்டும் விடல.

ரேமண்ட் போன் அடிச்சான். "மச்சான், வயிறு வலிக்குதுடா. குரல் பழசு லா, ஆனா அந்த இருமல்! தீபாவளிலேர்ந்து அது வேற லெவல். எங்கடா கத்துக்கிட்ட?"

"கெலுகோர்ல சார் வீட்டுக்கே ஒருநாள் சாப்பாடு கொண்டு போனேன். நேர்ல பார்த்துப் படிச்சது. டியூஷன் ஃப்ரீ!"

அந்த வாய்ஸ் நோட்ட யாரு யாருக்கோ தள்ளி விட்டாங்க. அடுத்த வாரமே சார் லீவுல போய்ட்டாரு.

மூணு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம் ஷர்வினுக்கு போன் வந்துச்சு.

"ஷர்வினா? நான் நாதன் சாரோட வைஃப், ஐரீன். சனிக்கிழம சாருக்கு பிரியாவிடை விருந்து. நீ கண்டிப்பா வரணும்னு சார் ஆசப்படுறாரு."

"நானா ஆண்டி? நான் எஸ்பிஎம் பரீட்ச கூட எழுதலையே."

"நீதான்யா. அந்த வாய்ஸ் நோட்டு பையன்."

ரேமண்ட் விழுந்து விழுந்து சிரிச்சான். "செத்தடா மவனே! எல்லார் முன்னாடியும் காத திருகப் போறாரு."

"திருகட்டும். திருகறப்ப என்ன சொல்லுவாருன்னு கேட்டா அடுத்த வாய்ஸ் நோட்டு ரெடி."

சனிக்கிழம மண்டபம் நெறஞ்சிருந்துச்சு. சார் மொத வரிசையில உக்காந்திருந்தாரு. பாதியா எளச்சிருந்தாரு. கழுத்த சுத்தி வெள்ளத் துணி. ஷர்வினப் பார்த்ததும் கைய ஆட்டிக் கூப்பிட்டாரு. வாயத் தொறந்தாரு. சத்தம் வரல.

ஷர்வின் வாயில தயாரா இருந்த ஜோக் அங்கேயே நின்னுருச்சு.

ஐரீன் ஆண்டி மைக்க எடுத்தாங்க.

"சாருக்குத் தொண்டையில கேன்சர். பிப்ரவரியில ஆப்பரேஷன். குரல எடுத்துட்டாங்க. இனிமே பேச மாட்டாரு."



"எத்தன தடவ சொல்லிருப்பேன், டாக்டரப் பாருங்கன்னு. 'யாரு இருமுறா, நானா?'ம்பாரு. அப்பறம் ஒரு நாள் யாரோ ஒரு வாய்ஸ் நோட்டு அனுப்புனாங்க. திரும்பத் திரும்பக் கேட்டாரு. 'ஐரீன், நான் இப்படியா இருமுறேன்?'னாரு. மறுநாளே ஆஸ்பத்திரி போனோம். இன்னிக்கு இவரு உயிரோட உக்காந்திருக்காருன்னா, அதுக்கு இந்தப் பையன்தான் காரணம். ஷர்வின், மேல வாய்யா!"

கைத்தட்டல் கூரையப் பிச்சுச்சு. யாரோ முதுகுல தட்டித் தள்ள, ஷர்வின் மேடைக்குப் போய்ட்டான். சார் தட்டுத் தடுமாறி ஏறி வந்து, தனக்குப் போட்ட பொன்னாடைய உருவி அவன் தோள்ல போட்டாரு. அவன் கன்னத்தத் தட்டுனாரு. அப்பறம் தன் தொண்டையத் தொட்டு, அவன் தொண்டையத் தொட்டு, சிரிச்சாரு.

"பாத்தியா, அவரு குரல் இப்ப உங்கிட்டதான் இருக்காம்," ஆண்டி கண்ணத் தொடச்சாங்க. "டாக்டர் திட்டுனாருய்யா. ரத்தம் வர ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா குரலையும் காப்பாத்தியிருக்கலாமாம். எனக்கு எங்க தெரியும்? கைக்குட்டைய இவரே தொவச்சு மறச்சு வெச்சிருக்காரு. பார்த்தவங்க ஒருத்தர் இருந்திருந்தா... சரி, விடு. சாரோட கடைசி அறிவிப்ப நீ சொல்லுய்யா, அவரு குரல்லயே. கேக்கணும்னு ஆசையா இருக்காரு."

மைக் அவன் கைக்கு வந்துச்சு. சார் மேடை நாற்காலியில முன்னாடி சாஞ்சு உக்காந்தாரு, ரேடியோ கேக்கறவரு மாதிரி.

"இருமு மச்சான்!" பின்னாடிலேர்ந்து ரேமண்ட் கத்துனான். எல்லாரும் சிரிச்சாங்க. சாரும் சத்தமில்லாம சிரிச்சாரு.

ஷர்வின் தொண்டையச் செருமப் போனான். முடியல. பொன்னாடைய எடுத்து மடிச்சு மேசையில வெச்சான். மைக்ல வந்தது அவனோட சொந்தக் குரல்.

"பார்த்தவங்க ஒருத்தர் இருந்தாங்க, ஆண்டி. தீபாவளிக்கு சாப்பாடு கொண்டு வந்தப்ப, சார் கைக்குட்டையில ரத்தத்த நான் பார்த்தேன். 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு அவரு சொல்லவே இல்ல. அந்த இருமல எப்படி செஞ்சா குரூப்புல சிரிப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே, நான்தான் மோட்டார எடுத்துக்கிட்டுப் போய்ட்டேன்."