மூணுலேருந்து அஞ்சு வரைக்கும்

"எழுப்புடா,"ன்னான் கண்டக்டர்.

"பாவம்டா, தூங்கறா."

"அதான் சொல்றேன். தூங்க வெக்கவா இங்க கூட்டிட்டு வந்தே?"

நியாயமான கேள்விதான். குழந்தைங்க விளையாடறதுக்குன்னே கட்டின ஹால் அது. கலர் பந்து நிரப்பின தொட்டி, ரப்பர் மெத்தை, முழங்கால் உயரத்துக்கு ஒரு சறுக்கு. நாப்பது பிள்ளைங்க போட்ட கூச்சல்ல காது அடைச்சுது. அதுக்கு நடுவுல பதினோரு மாசப் பொண்ணு ஒண்ணு, அப்பன் தோள்ல வாயைப் பொளந்து தூங்கிக்கிட்டிருந்துச்சு.

அப்பன் லிப்ட் மெக்கானிக். பொண்டாட்டியோட சண்டை போட்டுக்கிட்டு வீட்டை விட்டு வெளிய வந்து நாலு மாசம். பெரியவங்க உக்காந்து பேசினதுல, ஞாயித்துக்கிழமை மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் குழந்தை அப்பன்கிட்டன்னு முடிவாச்சு. ரெண்டு பேர் வீடும் வேண்டாம், பொது இடமா இருக்கட்டும்னு இந்த ஹால்.

மூணு மணிக்கு அவ வருவா, குழந்தையைக் கொடுப்பா, ஒரு வார்த்தை பேசாம போயிடுவா. குழந்தை அவன் தோள்ல மூக்கை ரெண்டு தேய் தேய்ச்சுட்டு அஞ்சே நிமிஷத்துல தூங்கிடும். திருப்பிக் கொடுக்கற வரைக்கும் அசையாது. நாலு வாரமா இதே கதை.

பொண்ணு எதையாவது பிடிச்சுக்கிட்டு நிக்கறாளாம், ரெண்டு எட்டுகூட வெக்கறாளாம். எல்லாம் யாரோ சொல்லித்தான் தெரியும். ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும்னு வாரம் பூரா காத்துக்கிட்டு இருப்பான். இன்னிக்குத் துணைக்கு சிநேகிதனான பஸ் கண்டக்டரையும் கூட்டிட்டு வந்திருந்தான்.

கண்டக்டருக்கு வந்ததிலேருந்தே கடுப்பு. தினமும் பஸ்ல அத்தனை பேரை உள்ள தள்ளி நிக்க வெக்கறவனை, சாக்ஸ் இல்லைன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. கடைசியில அவங்களே கொடுத்த, முயல் படம் போட்ட சாக்ஸை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்.

"உனக்கு இன்னுமா புரியலை? வேணும்னேதான் பண்றா. மத்தியானம் தூங்க விடாம வெச்சிருந்து, கரெக்டா உன் நேரத்துக்குத் தூங்கற மாதிரி கொண்டுவந்து கொடுக்கறா. குழந்தை உன்கிட்ட ஒட்டிடக் கூடாதில்ல."

மெக்கானிக்குக்கும் அந்த சந்தேகம் வராம இல்லை.

நாலே காலுக்குக் குழந்தையோட உள்ளங்காலை லேசா சுரண்டினான். கட்டைவிரல் ஒரு தடவை மடங்கி நிமிந்துச்சு, அவ்வளவுதான். இன்னொரு தடவை சுரண்டப் போனவன் கையை எடுத்துட்டான்.

எதிர்ல, இதே வயசு இருக்கும், ஒரு பையன் சறுக்கைப் பிடிச்சு எழுந்து நின்னான். தொப்புனு உக்காந்து, அவங்கப்பாவைப் பாத்துச் சிரிச்சான். மெக்கானிக் கண்ணு அங்கேயே நின்னுடுச்சு.

அடுத்தவன் பிள்ளையை அப்படிப் பாக்காதடா, அவங்கப்பன் பயந்துக்கப் போறான்னான் கண்டக்டர். ஆனா குரல் இறங்கியிருந்துச்சு.

அஞ்சு மணிக்கு அவ வந்தா. ஒண்ணும் பேசாதேன்னு மெக்கானிக் கண்ணைக் காட்டினான். கண்டக்டர் கேக்கற ஆளா?

"ஏம்மா, மத்தியானமே தூங்க வெச்சுக் கூட்டிட்டு வந்தா என்ன? வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். அதுலயும் மூடின கண்ணைத்தான் இவன் பாக்கணுமா?"

அவ கண்டக்டர் பக்கம் திரும்பலை. கண்ணு ரெண்டும் செவந்து, கீழ கருவளையம் விழுந்திருந்துச்சு. நாலு மாசத்துல முதல் தடவையா புருஷன்கிட்ட வாயைத் திறந்தா.

"தூங்கினாளா?"

"ரெண்டு மணி நேரமும்."

குழந்தையை வாங்க நீட்டின கையைக் கீழ விட்டுட்டா.

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். என்கிட்ட தூங்கவே மாட்டேங்கறா. பகல்லயும் இல்லை. ராத்திரியில அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து அழறா. நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்."

தரையைப் பாத்துக்கிட்டே மெதுவா சொன்னா:

"நீங்க விட்டுட்டுப் போன சட்டையை மாட்டிக்கிட்டுகூடத் தூக்கிப் பாத்துட்டேன்."