வேறு கம்பெனி

"அண்ணாச்சி, போன தடவ போட்ட டயரு வெடிச்சிருச்சு. அந்தக் கம்பெனி வேண்டாம், பக்கத்துல இருக்கதப் போடுங்க" என்றார் காருக்குச் சொந்தக்காரரான காளீஸ்வரன்.

சாத்தூரில் டயர் கடை வைத்திருக்கும் செந்தூர்பாண்டி சிரித்தார். "பேருதான் வேற, மொதலாளி ஒருத்தருதான். பெரிய கம்பெனி சின்னத வாங்கி வருசம் பத்தாச்சு."

"பெறகு எதுக்கு ரெண்டு பேரு?"

"ஒண்ணு வேண்டாம்னு ஒங்களமாதிரி வர்றவுகளுக்குத்தான் இன்னொண்ணு."

சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் கடை வாசலில் நின்றது. செந்தூர்பாண்டியின் மகள் கீர்த்திகா இறங்கினாள். வேலைக்கு அன்றுதான் முதல் நாள். வெடிவிபத்தில் அவள் தாயைப் பலிகொண்ட கம்பெனிக்கு மட்டும் போகக்கூடாது என்று சொல்லி, புதிதாகப் பெயர்ப்பலகை மாட்டியிருந்த இந்தக் கம்பெனியில் அவர்தான் சேர்த்துவிட்டிருந்தார்.

"சோத்த மறந்துட்டுப் போயிட்டியேம்மா. சாப்பிட்டியா?"

"கூட வேல பாக்குற அக்கா குடுத்தாகப்பா. ஸ்டோர்ல கெடந்த பழைய தூக்குவாளியக் கழுவி, அதுல போட்டுத் தந்தாக." கீர்த்திகா அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதப் பாருங்கப்பா."

நெளிந்த மூடியில் பெயர் வெட்டியிருந்தது. செந்தூர்பாண்டி – ஸ்ரீமதி.

அவர்கள் கல்யாணத்துக்கு வந்த வாளி அது. விபத்து நடந்த அன்று ஸ்ரீமதி அதில்தான் சோறு கொண்டுபோயிருந்தாள்.