மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது

கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்ததும் அந்தச் சின்னக் கட்டம் வந்து நின்றது. பாஸ்வேர்டைப் போடு என்றது.

"நேத்தும் இப்படித்தான் கேட்டுதா அத்தை?" என்றாள் மருமகள்.

நேற்றும்தான். முந்தாநாளும்தான். ஒரு வாரமாக விடிந்தால் இதே பாடு. 'நினைவில் வை' என்கிற இடத்தில் டிக் அடித்துத்தான் வைக்கிறோம். மறுநாள் காலையில் யார் நீ என்பது போல முழிக்கிறது.

வழக்கம் போல உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமாவைக் கூப்பிடாதீங்க. அவர் வந்து போட்டுட்டா, அப்புறம் நான் எதைக் கண்டுபிடிக்கறது?"

பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். எங்கேயும் எழுதி வைக்க மாட்டார். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கே சொன்னதில்லை. கேட்டால், "சொல்லிட்டா அது பாஸ்வேர்டா?" என்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண் கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள், இப்போது தினமும் நடக்காவிட்டால் அப்புறம் நடக்கவே முடியாது என்று. அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். நிம்மதியாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு நாள்தான் இந்தக் கட்டம் வந்தது. ஏதோ அப்டேட் ஆனதாம்.

படுத்தபடியே சொல்லுங்கள், நான் அடிக்கிறேன் என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து மேசை வரை இருபத்திரண்டு எட்டு. முனகிக்கொண்டே வந்து ஒற்றை விரலால் அடித்துவிட்டு, முனகிக்கொண்டே திரும்பிப் போனார்.

மறுநாள் கட்டம் வரவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.

மருமகள் எதையெதையோ திறந்து பார்த்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளின் பட்டியலுக்குப் போனாள். அது காலியாக இருந்தது.

"இது தானா மறக்கல அத்தை. யாரோ இங்க வந்து அழிக்கிறாங்க."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. உள்ளறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, மெதுவான குரலில் சொன்னேன். நான்தான். நாலு மாதமாகத் தினமும் விளக்கு வைத்ததும் உட்கார்ந்து அந்த ஒரே வரியை அழித்துவிடுவேன். காலையில் கட்டம் வரும். அவரும் வருவார். அந்த வரிக்குப் பக்கத்திலேயே 'காட்டு' என்று ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் பாஸ்வேர்டே தெரியுமாம். அதை மட்டும் ஒரு நாளும் தொட்டதில்லை.

"நீங்க பலே ஆளு அத்தை" என்று சிரித்தாள். "அப்புறம் எதுக்கு என்னை லீவு போட வெச்சீங்க?"

விஷயமே அதுதானே. எனக்கு முடியவில்லை. அவர் பாரத்தைத் தாங்கித் தாங்கி இடுப்பு விட்டுப்போயிற்று. போன வாரம் ஒரு நாள், போதும், நாளைக்கு அவரும் படுத்திருக்கட்டும், நானும் சற்று உட்கார்ந்திருக்கிறேன் என்று அழிக்காமல் விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் கட்டம் வந்து நிற்கிறது. மறுநாளும் தொடவில்லை. மறுநாளும் வந்தது.

"நெஜமாவே கெட்டுப்போச்சுன்னு பயந்துட்டேன்மா. இது ஒரேயடியா நின்னு போச்சுன்னா, அவரை எழுப்ப எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். கம்ப்யூட்டருக்குள் எங்கேயோ ஒரு கோப்பைத் தேடி எடுத்தாள். பாஸ்வேர்டை வைத்திருப்பது இதுதானாம். யாராவது கடைசியாக எதையாவது மாற்றிய நேரத்தைக் காட்டுமாம்.

நேற்றைய தேதி. மாலை நாலு இருபது.

"அந்த நேரத்துக்கு நீங்க எங்க இருந்தீங்க அத்தை?"

கடைத்தெருவில். தினமும் நாலு மணிக்கு வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு மருந்து, காய், பால் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு ஐந்துக்குத் திரும்புவேன். சாவி என் பையில் இருக்கும். வீட்டில் அவர் மட்டும்தான்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

இரண்டு பேரும் அந்த நேரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊன்றுகோல்கூட அவரிடம் கிடையாது. வேண்டவே வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வைத்துவிட்டார்.

"பிடிச்சுக்க ஆளில்லாமயா?" என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "என்ன, இன்னிக்கும் மறந்து தொலைச்சிடுச்சா? வரணுமா?"

"சொல்லிடட்டுமா அத்தை?" என்று மருமகள் கிசுகிசுத்தாள்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனேன். கட்டிலோரம் நின்று தோளைக் கொடுத்தேன். நாலு மாதமாக எப்படியோ அப்படியே, கொஞ்சமும் குறைக்காமல், முழுப் பாரத்தையும் இறக்கினார். இடுப்பில் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சாயங்காலம் கடைக்குப் போனா இன்னிக்கு நான் வர ஆறு மணி ஆயிடும்" என்றேன்.

"மெதுவா வா" என்றார்.