பின்பக்க மூடி

கலியமூர்த்தி சுவிட்சைப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக் கூடத்தில் கூடியிருந்த மரக்காணம் கடைத்தெருக்காரர்கள் அத்தனை பேரும் உச்சுக் கொட்டினார்கள்.

ரேடியோ ரிப்பேர்க்காரனான அவன், மூன்று வருடமாகக் கடையைப் பாதி நாள் சாத்திவிட்டுத் தன் கையாலேயே கட்டிய கம்ப்யூட்டர் அது. ஆரோவிலிலிருந்து தன் தேசத்துக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற சர்க்யூட் பலகைகள், பழைய வால்வு ரேடியோ ஒன்றின் மரப்பெட்டி, முகப்பில் எட்டுச் சின்னச் சிவப்பு விளக்குகள். கூட்டல் கணக்குப் போடும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

சொன்னதோடு விட்டானா? இன்றைக்கு எல்லோர் முன்னாலும் அது எரியாவிட்டால், கடையை மூடிவிட்டு நாளையிலிருந்து மச்சான் தேவநாதனின் உப்பளத்தில் மேஸ்திரியாகப் போகிறேன் என்று வாயை வேறு கொடுத்திருந்தான்.

தேவநாதன், மனைவியின் அண்ணன், புது மேஸ்திரிக்கென்று புதுக் குடையே வாங்கி வந்து மடியில் வைத்தபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கலியமூர்த்தி பிளக்கை ஆட்டிப் பார்த்தான். அதே பாயிண்டில் டேபிள் ஃபேனைச் சொருகினான்; ஃபேன் ஜோராக ஓடியது. பெட்டியின் பக்கவாட்டிலிருந்த ஃபியூஸைக் கழற்றினான், கருகியிருந்தது. புது ஃபியூஸ் போட்டான். சுவிட்சைத் தொட்டதும் அதுவும் போய்ச் சேர்ந்தது.

உள்ளே எங்கோ ஷார்ட் ஆகிறது, பின்பக்க மூடியைக் கழற்றிப் பாரு என்றார் வேடிக்கை பார்க்க வந்த லைன்மேன்.

கலியமூர்த்தி கழற்றவில்லை. திறந்தால் உப்புக் காற்று உள்ளே போய்விடும் என்றான். நியாயந்தானே என்று கூட்டம் தலையாட்டியது. அவன் மறுபடியும் பிளக்கை ஆட்டினான்.

பின்வரிசையில் யாரோ எலுமிச்சம்பழம் என்று முணுமுணுத்தார்கள். அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. கருப்புச் சட்டைக்காரன் வீட்டில் எலுமிச்சம்பழமா?

அந்தப் பக்கத்தில் புது வீடானாலும் புது வண்டியானாலும் முதலில் ஒரு பிடி உப்பு உள்ளே போக வேண்டும். அப்போதுதான் கண் படாது, காரியம் விளங்கும். நேற்று சாயங்காலம் மனைவி தெய்வநாயகி உப்பும் கையுமாகப் பெட்டியருகே வந்தபோது அவன் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. அவள் உப்போடு உள்ளே போய்விட்டாள்.

தேவநாதனுக்குப் பொறுமை போயிற்று. குடையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி, தானே மூடியைக் கழற்றினார்.

டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஒரு சின்ன மூட்டை உட்கார்ந்திருந்தது. ஊதா நிறப் பழம்புடவைத் துணி. உள்ளே கல்லுப்பு. மாசிப் பனியில் இரவெல்லாம் கசிந்து, ஒயர் முனைகளில் உப்புத்தண்ணீர் தேங்கி நின்றது.

அந்த ஊதாப் புடவையில் தெய்வநாயகியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எல்லாத் தலையும் சமையற்கட்டுப் பக்கம் திரும்பியது. கலியமூர்த்தியின் தலை மட்டும் திரும்பவில்லை.

தெய்வநாயகி கிழிந்த துணியைப் பார்த்தாள். பிறகு கணவனின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாந்தாங்க வெச்சேன். நல்லா நடக்கட்டுமேன்னு வெச்சேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கலியமூர்த்தி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, எல்லாவற்றையும் வாசல் வெயிலில் வைத்தான். அது காயும் வரை சும்மா இருக்க முடியுமா? மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசினான். ஒரு பிடி உப்பு மூன்று வருட விஞ்ஞானத்தைக் கவிழ்க்கப் பார்த்தது என்றான். பெண்களைப் படிக்க வைக்காததன் விளைவு இது என்றான். குரல் நன்றாக ஏறியது. அவள் நின்ற பக்கம் மட்டும் அவன் கண் போகவே இல்லை. கைதட்டினார்கள்.

மூன்றாவது ஃபியூஸ் கருகாமல் நின்றது. இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னான். ஒரு விளக்கு எரிந்தது, அடுத்தது எரியவில்லை, அதற்கடுத்தது எரிந்தது. விடை ஐந்து என்றான். எரியறது ரெண்டுதானே என்று லைன்மேன் இழுத்தார். கம்ப்யூட்டருக்குக் கணக்கே வேறு என்றதும் எல்லோரும் பயபக்தியோடு நம்பிவிட்டார்கள்.

தேவநாதன் குடையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

கூட்டம் கலைந்தது. கலியமூர்த்தி பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது.

தெய்வநாயகி மூட்டையை அவிழ்த்து, ஈர உப்பைக் கொல்லையில் கொட்டி, ஊதாத் துணியை அலசிக் கொடியில் போட்டாள்.

"அடுத்த தடவ நீங்க வெக்கும்போது என் பொடவைய கிழிக்காதீங்க. பிளாஸ்டிக் பையில கட்டி வெய்யுங்க, தண்ணி விடாது."