டாஃபியின் நாலாவது ஓட்டம்

சிமென்ட் தரையில் டாஃபியை ஓட்டிக் காட்டச் சொன்னார் குதிரை டாக்டர்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் தோளருகே நின்றேன். அவன் முதுகிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

சற்று முன்புதான் எங்கள் ஊர் ஸ்கோன் பந்தய மைதானத்தின் கடைசி வளைவில் அவன் தனியாக வந்துகொண்டிருந்தான். அவனுக்கும் பின்னால் வந்த குதிரைக்கும் நடுவே ஒரு லாரியை நிறுத்தியிருக்கலாம்.

அப்போது அவன்மேல் சவாரி செய்த ஷெல்லி, கால் வைக்கும் அங்கவடியில் எழுந்து நின்று கடிவாளத்தை இழுத்துவிட்டாள்.

எல்லாக் குதிரைகளும் அவனைத் தாண்டிப் போயின. கூட்டம் கத்தியது. யாரோ பீர்க் கோப்பையை வேலிக்கு மேலே வீசினார்கள்.

"காலடி மாறுச்சு. என்னமோ சரியில்லை." பந்தய அதிகாரிகளிடம் ஷெல்லி சொன்னது அவ்வளவுதான்.

குதிரைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதினால் அவளுக்குப் பல மாதத் தடை. ஜெயிக்கிற குதிரையை நிறுத்தியவளை அதற்குப் பிறகு யார் சவாரிக்குக் கூப்பிடுவார்கள்? ஏதாவது இருக்கிறது என்று எழுதினால், டாஃபி இனி ஓட முடியாது.

எனக்கு டாஃபி ஓட வேண்டும்.

கோடையில் அவன் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. அப்போதெல்லாம் ரொட்டிக்கடைக்காரர் முதல் தபால்காரம்மா வரை தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி என்னைத்தான் விசாரிப்பார்கள். டாஃபி வரிசையாக மூன்று பந்தயங்களை ஜெயித்தான். மூன்றிலும் சாட்டை தேவைப்படவில்லை. அதிலிருந்து, "டாஃபி எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அவனுக்கு நான் தீனி வைத்தேன், கொட்டில் கூட்டினேன், கால்களைக் கழுவினேன். அவன் எனக்குச் செய்தது அதைவிடப் பெரியது.

முதலாளி மெர்வ் என் காதருகே வந்தார்.

"கிட்டப் பிடிச்சு ஓட்டு, லினெட். குதிரைக்கு ஒண்ணுமில்லை. பயந்து போனது அவதான். ஊர்ல வேற யாரு அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்தாலும் நீ வரமாட்டே."



கயிற்றைத் தாடைக்கருகே இறுக்கிப் பிடித்து ஓடினேன். டாஃபி கூடவே ஓடிவந்தான். லாடச் சத்தம் ஒரே சீராக இருந்தது.

ஆனால் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் அவன் தலை மேலே எழப் பார்த்தது. கால் வலித்தால் குதிரை தலையைத் தூக்கும். நான் பிடித்திருந்த பிடியில் அது எழ முடியவில்லை. கயிறு மட்டும் ஒவ்வொரு முறையும் லேசாக இழுத்தது.

டாக்டர் குனிந்து கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கான்."

மெர்வ் என் தோளில் தட்டினார். "இன்னும் ரெண்டு வாரத்துல சிட்னிப் பந்தயம். பெட்டியைக் கட்டிக்கோ."

அதிகாரிகளின் அறை வாசலில் ஷெல்லி நின்றிருந்தாள். முகமெல்லாம் மண். டாக்டர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் என்னைப் பார்க்கவில்லை. டாஃபியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிட்னி மைதானத்தில் பச்சைத் திரை பிடித்து நிற்கும் ஆட்கள் என் நினைவுக்கு வந்தார்கள். கால் உடைந்து விழுந்த குதிரையைச் சுற்றி அந்தத் திரையைப் பிடிப்பார்கள். அதற்குள் போன குதிரை எதுவும் நடந்து வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

"டாக்டர்," என்றேன். "இன்னொரு தடவை ஓட்டுறேன். பாருங்க."

"எதுக்கு?" என்றார் மெர்வ்.

நான் கயிற்றை நீளமாகத் தளர விட்டேன்.

டாஃபி ஓடினான். இடது கால் பட்டது. தலை எழுந்தது. மறுபடி பட்டது. மறுபடி எழுந்தது. வேலியோரம் நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்தது.

மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கொட்டிலில் வைத்தே எக்ஸ்ரே எடுத்தார்கள். திரையில் எலும்பின் நடுவே தலைமுடி மாதிரி ஒரு கோடு.

"பிழைச்சுக்குவான்," என்றார் டாக்டர். "புல் மேய்வான், குட்டி போட வைப்பான். பந்தயம் மட்டும் வேண்டாம். இன்னும் நூறு மீட்டர் ஓட விட்டிருந்தா எலும்பு ரெண்டாப் போயிருக்கும். அந்தப் பொண்ணுக்குப் புண்ணியம்."

காலில் கட்டுப் போட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். நான் டாஃபியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவன் வைக்கோலை மென்றுகொண்டிருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. அது வருத்தத்தில் வந்ததல்ல.

நிமிர்ந்தபோது ஷெல்லி கொட்டில் வாசலில் நின்றிருந்தாள். சேணத்தைக் கைமேல் போட்டுப் பிடித்திருந்தாள். உள்ளே வரவில்லை.

"இருப்பானா?"

"இருப்பான்."

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. வேறொன்று வந்தது.

"ட்ரெவரோட தூண்டில் பெட்டி இன்னும் என் ஷெட்லதான் கெடக்கு."

அவள் நின்றாள். வக்கீல் கடிதம் போட்டுக் கேட்டும் நான் என் கணவன் ட்ரெவருக்குத் திருப்பிக் கொடுக்காத பெட்டி அது. என் வீட்டை விட்டு அவன் நேராகப் போனது ஷெல்லியின் வீட்டுக்குத்தான்.

"ஞாயித்துக்கிழமை எடுத்துக்கலாம்," என்றேன்.

ஷெல்லி சேணத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவனை அனுப்பவா, நானே வரவா?"

"நீ வா," என்றேன். "டீ போட்டு வைக்கிறேன். அவன் வண்டியிலேயே இருக்கட்டும்."